லேப்டாப்பில் சந்தன வாசனை

28 செப்., ஞாயிறு

வெயில். சாயங்காலம் மலைக்குப் பின்னால் இடி மட்டும், மழை இல்லை. துணி காய்ந்தது.

போன் பீரோ மேல் ஏறி இன்றோடு ஐந்து நாள். தன்ஷி இன்று இரண்டு தடவைதான் பீரோவைக் காட்டி அழுதாள். நேற்று எத்தனை என்று எண்ணவே இல்லை. போன் இல்லாமல் ஊட்டினால் ஒரு இட்லிக்கு முக்கால் மணி நேரம். முன்பு கார்ட்டூன் ஓட விட்டால் பத்து நிமிஷத்தில் மூன்று இட்லி. என்ன உள்ளே போகிறது என்றே தெரியாது, வாய் மட்டும் திறக்கும். அப்படித்தான் ஒரு வருஷம் ஊட்டினேன். நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

வயது இரண்டேகால். சொல்கிற வார்த்தைகள் (எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்):

1. ம்மா. என்னைப் பார்த்தும் சொல்வாள், தெருவில் போகிற மாட்டைப் பார்த்தும்.
2. த்தா. 'தா' ஆக இருக்கலாம். தாத்தாவாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.
3. ஊ. நாய்.

மூன்றாவதைச் சேர்க்கலாமா?

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சென்னை மேடம் ஒரு வழியாக நேரம் கொடுத்துவிட்டார்கள். 6-ம் தேதி திங்கள், சாயங்காலம் 5 மணி, ஆன்லைனில் அரை மணி. போனில் வேண்டாமாம், பார்த்தாலே பிடுங்குவாள். "லேப்டாப்பைத் தள்ளி உயரமா வெச்சுடுங்க. நீங்க பாய்ல உக்காந்து அவளோட விளையாடுங்க. நான் பாக்கறேன், கேக்கறேன்." அதற்கு முன்னால் வீட்டில் அவள் போடுகிற சத்தங்களையும் லேப்டாப்பிலேயே பதிவு செய்து வைக்கணும்.

நன்றி சொல்லிவிட்டு காலண்டரைப் பார்த்தேன். 6-ம் தேதி பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் அன்றைக்கு ஊரில் எந்த டவரும் மூச்சு விடாது. கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த வீட்டு நெட்தான் கதி. குரங்கு ஒயரை அறுக்காமல் இருக்கணும்.

அவரிடம் சொன்னேன். செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷன் வேலை, பௌர்ணமி என்றால் ராத்திரி வீட்டுக்கே வரமாட்டார்.

"வேற நாள் கேக்கறதுதானே?"

"கேட்டேங்க. அடுத்தது நவம்பர் கடைசியிலதானாம்."

"அப்ப விடு. நல்ல நாள்தானே."

நல்ல நாள்தான். நெட்டுக்கு அது தெரியணுமே.

1 அக்., புதன். ஆயுத பூஜை

காலை நாலரைக்கு எழுந்தேன். துடைத்தது: மிக்ஸி, கிரைண்டர், கேஸ் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, ஸ்கூட்டி, மோட்டார் ஸ்விட்ச், டிவி ரிமோட், வை-ஃபை பெட்டி, அவருடைய ஸ்க்ரூடிரைவர், கடைசியாக லேப்டாப். மிக்ஸிக்கு அடியில் போன வருஷத்துக் குங்குமம் இன்னும் இருந்தது.

சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்தேன். எல்லாவற்றுக்கும் பொட்டு. லேப்டாப்பை மூடி வைத்தால் டிபன் தட்டு மாதிரி இருக்கு, எங்கே பொட்டு வைப்பது? திறந்து நிறுத்தினேன். அப்போது ஒரு முகம் வந்துவிட்டது அதற்கு. கேமரா மேல் பட்டுவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, கேமராவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் குங்குமம். அவர் பார்த்துவிட்டு, "உன்னைவிட அது லட்சணமா இருக்கு" என்றார். பல் தெரிய சிரிப்பு வேறு.

கற்பூரம் காட்டும்போது வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று. எழுதவில்லை.

தன்ஷி பொரியை வீடு முழுக்க இறைத்தாள். சுண்டல் தின்றாள், போன் இல்லாமல்! ஸ்கூட்டி சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் 'பட்'டென்று நசுங்கினதுக்குத் திரும்பிப் பார்த்தாளா இல்லையா? நான் எதிர்ப் பக்கம் நின்றிருந்தேன். அவரைக் கேட்டால் "கவனிக்கல"ங்கிறார்.

2 அக்., வியாழன்

மேகமூட்டம். புழுக்கம் ஜாஸ்தி.

விஜயதசமி. லேப்டாப்பைப் பூஜையில் இருந்து எடுத்தேன். பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தேன். பளிச்.

மேடம் கேட்ட பதிவை ஆரம்பித்தேன். தன்ஷி டம்ளரைத் தரையில் தட்டினாள், ஏதோ பாடினாள் (பாட்டுதான் என்று நினைக்கிறேன்), நாலு நிமிஷம். போட்டுக் கேட்டால் கிணற்றுக்குள் யாரோ பேசுகிற மாதிரி. என் குரலே எனக்குப் புரியவில்லை. டம்ளர் சத்தம் தலையணைக்கு அடியில் தட்டின மாதிரி.

மறுபடி. அதே கிணறு.

3 அக்., வெள்ளி

காலையில் தூறல். தண்ணி லாரி வரவில்லை.

அவருக்கு போன் போட்டேன்.

"ரீஸ்டார்ட் பண்ணியா?"

"மூணு தடவை."

"இன்னொரு தடவை பண்ணிப் பாரேன்."

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் வகுப்பு. அவர் பி.ஏ. வரலாறு. இரண்டு பேருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்.

செய்து பார்த்தவை: மைக் சத்தத்தை நூறுக்கு ஏற்றினேன், கிணறு பெரிசானதுதான் மிச்சம். மைக்குக்கான டிரைவரைத் தூக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். அப்டேட் கேட்டது, கொடுத்தேன், ஒன்றரை மணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் பருப்பு தீய்ந்தது. அவருடைய இயர்போன் மைக்கைச் செருகினேன். நன்றாக வருகிறது, ஆனால் என் வாய்கிட்ட இருக்கிற சத்தம் மட்டும். பாயில் இருக்கிற தன்ஷியின் சத்தம் அதில் விழவே விழாது. அவளைக் கேட்கத்தானே இவ்வளவும்.

ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு சோதனைப் பதிவு. "ஹலோ, ஹலோ, கேக்குதா?" நிறுத்து. போட்டுப் பார். அழி. அழிக்கக்கூட நேரம் இல்லாமல் அப்படியே விட்டேன், டெஸ்ட் 1, டெஸ்ட் 2 என்று நீண்டுகொண்டே போகிறது. தன்ஷி காலடியில் உட்கார்ந்து டம்ளரைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை அதட்டிவிட்டேன். தட்டுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள். அழவில்லை.

ஹவுஸ் ஓனரம்மா மாடிப்படியில் நின்று, "இன்னாம்மா, காலையில இருந்து ஹலோ ஹலோங்கற, யாரும் எடுக்கலையா?"

சொன்னேன். எதற்குச் சொன்னேன்?

"பேசும் பேசும். எங்க பெரிய நாத்தனார் பையன் அஞ்சு வயசு வரைக்கும் வாயே தொறக்கல. இப்ப பாரு, பேசியே ஆள முடிக்கிறான், ஏலச்சீட்டு நடத்தறான்." கொஞ்சம் இறங்கி வந்து, குரலைக் கம்மி பண்ணி, "காது நல்லா கேக்குதில்ல?"

கேக்குதுங்க என்றேன். கதவைச் சாத்தினதுக்கு அப்புறம் தன்ஷிக்குப் பின்னால் போய் நின்று மெதுவாகக் கை தட்டினேன். திரும்பவில்லை. பலமாகத் தட்டினேன். திரும்பினாள். மெதுவாகத் தட்டினது கேட்காததாலா, டம்ளரில் மூழ்கியிருந்ததாலா? எதைக் கொண்டு தெரிந்துகொள்வது?

4 அக்., சனி

தேரடித் தெருவுக்குப் பக்கத்தில் லேப்டாப் சரி செய்கிற கடை. தன்ஷியை இடுப்பில், லேப்டாப்பைத் தோளில். ஆட்டோக்காரர் இன்றைக்கே பௌர்ணமி ரேட் சொன்னார்.

கடைக்காரர் திறந்து பார்த்தார்.

"இன்னா மேடம், கீழ போட்டீங்களா?"

"இல்லீங்க."

"தண்ணி எதுனா பட்டுதா?"

"இல்லீங்க." (ஈரத் துணி ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் திட்டுவாரோ என்று. ஸ்கூல் பிள்ளை மாதிரி.)

அவரும் குனிந்து ஹலோ ஹலோ என்றார். போட்டுக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "போர்டு பிராப்ளமா இருக்கும் மேடம். கழட்டினாதான் தெரியும். வெச்சிட்டுப் போங்க, புதன்கிழமை வாங்க. திங்கள் செவ்வா கூட்டம், கடை தொறக்க மாட்டேன்."

"எனக்குத் திங்கட்கிழமை அஞ்சு மணிக்கு வேணுங்க."

"இன்டர்வியூவா மேடம்?"

"அப்படித்தான்."

மூடிக்கொண்டிருந்தபோது தன்ஷியைப் பார்த்து, "பாப்பா, பேரு இன்னா?" என்றார். நல்ல மனுஷன். தன்ஷி அவருடைய மவுஸில் எரிகிற சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமாகூட டூவா?" அதற்குள் நான், குழந்தைக் குரலில், "தன்ஷிகா மாமா!"

திரும்பி வரும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பேரைக் கேட்டால் நான் சொல்கிறேன். சாப்பிட்டியா என்றால் சாப்ட்டேன் என்று நானே சொல்கிறேன். டாட்டா கூட நான் சொல்லி, அவள் கையைப் பிடித்து ஆட்டுகிறேன். கேட்டவர் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார். யாரும் ஒரு நொடி சும்மா நிற்கக் கூடாது, நின்றால் புரிந்துவிடும். அந்த பயம்.

லேப்டாப்பைக் கடையில் வைக்கவில்லை. கிணறோ என்னவோ, முகமாவது தெரியுமே.

5 அக்., ஞாயிறு

மத்தியானம் வரை வெயில். இப்போதே வெளியூர் பஸ் எல்லாம் நிறைந்து வருகிறதாம். அவர் காலையிலேயே போய்விட்டார்: "இருக்கிறது பன்னெண்டு ரூம், கேக்கறது நூறு பேரு."

மறுபடி ஒரு அப்டேட். லேப்டாப் அடுப்பு மாதிரி சூடு. டெஸ்ட் 22. இந்தத் தடவை இன்னும் கிட்டப் போய்ச் சொல்லலாம் என்று முகத்தை ஸ்க்ரீனுக்கு ஒட்டக் கொண்டுபோனேன்.

சந்தன வாசனை.

ஊதுவத்தி ஏற்றவில்லை. பூஜை அலமாரி சாத்தியிருக்கு. குனிந்து கீபோர்டை மோந்தேன், இல்லை. ஓரத்தை மோந்தேன், இல்லை. மேலே, கேமரா பக்கத்தில், இருக்கு. நாய் மாதிரி மோந்துகொண்டிருந்தேன் போல. தன்ஷி கீழே இருந்து என்னைக் காட்டி "ஊ" என்றாள்.

(மூன்றாவதைச் சேர்த்துக்கொள்ளலாம்.)

பால்கனி வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கேமராவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் ஒரு ஓட்டை. கடுகில் பாதி கூட இல்லை. இரண்டிலும் மஞ்சளாக அடைத்து, சுவரில் ஆணி பிடுங்கின இடத்தில் பூசின மாதிரி. நெட்டில் பார்த்தேன், இந்த மாடலுக்கு மைக் அங்கேதான். இரண்டு பொட்டையும் அளந்து வைத்த மாதிரி அதன் மேலேயே வைத்திருக்கிறேன். அப்புறம் ஈரத் துணியால் அழுத்தி உள்ளே தள்ளியிருக்கிறேன்.

யாரைத் திட்டுவது? டிரைவரைத் திட்டினேன், அப்டேட்டைத் திட்டினேன், குழந்தையை அதட்டினேன்.

ஊசியால் குத்தக் கூடாதாம், உள்ளே சவ்வு கிழியும். தன்ஷியின் பல் தேய்க்கிற பிரஷ், புதுசு, காய்ந்தது. பூனை முடி மாதிரி மெத்தென்று இருக்கும். லேப்டாப்பை அணைத்து, தலைகீழாகப் பிடித்து, பொறுமையாகத் தட்டித் தட்டித் தேய்த்தேன். பொடி உதிர்ந்தது. அப்புறம் அவளுக்குச் சளி பிடித்தால் மூக்கில் வைத்து உறிஞ்சுகிற ரப்பர் பல்பு. அதை ஓட்டை மேல் வைத்து உறிஞ்சினேன். தன்ஷி அதைப் பார்த்ததும் தன் மூக்கை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். சிரித்தேன். எத்தனை நாள் கழித்து.

டெஸ்ட் 23: கிணறு பாதி.
டெஸ்ட் 26: நான்!
டெஸ்ட் 27, 28, 29: சும்மா, சந்தோஷத்துக்கு. "ஹலோ, ஹலோ, கேக்குதா?" கேட்கிறது. தெருவில் போகிற புளிப்பு மிட்டாய் வண்டி மணி கூடக் கேட்கிறது.

அவருக்கு போன் போட்டு என்ன ஆச்சு என்று சொன்னேன். முதலில் ஒரே சிரிப்பு. அப்புறம், "காதுல சந்தனத்தை வெச்சு அடைச்சிருக்க. சாமி எப்படி கேக்கும்?" பின்னால் யாரோ ரூம் கேட்டுக் கத்த, வைத்துவிட்டார்.

6 அக்., திங்கள். பௌர்ணமி

எழுதக் கை வரவில்லை. முடிந்தவரை.

மத்தியானத்தில் இருந்தே தெருமுனை வரைக்கும் ஜனம். போனில் சிக்னல் கோடு இருக்கு, ஒன்றும் போகவில்லை. வீட்டு நெட் தாக்குப் பிடித்தது. குரங்கு விட்டுவைத்தது.

ஐந்து மணிக்கு மேடம் வந்தார்கள். முதல் வார்த்தை: "அங்க என்ன பாட்டுச் சத்தம்?" கிரிவலப் பாதை மைக்செட் மேடம் என்றேன். "ரொம்ப கிளியரா கேக்குது." கிளியராகத்தான் கேட்டது. ஊர் முழுக்க. தன்ஷியைத் தவிர.

ஒரு சத்தம் போடவில்லை. அரை மணி. கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். பொம்மை, டம்ளர், பொரி, எதற்கும் வரவில்லை. பின்னால் இருந்து பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை. திரும்பவில்லை. மூன்றாவது தடவை என் குரல் உடைந்துவிட்டது. அதற்கும் இல்லை.

மேடம் கோபப்படவே இல்லை. அதுவே பயமாக இருந்தது. சொன்னது:

காது டெஸ்ட் ஒன்று எடுத்துவிடணும். "குறை இருக்கும்னு சொல்லல. இல்லைன்னு தெரிஞ்சுக்கத்தான்." வேலூரில் எடுக்கலாம். வியாழன்.

போனை நிறுத்தினது நல்லது. போன் காட்டி ஊட்டின காலத்தையே நினைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

இன்னொன்று: "நீங்க அவகிட்ட நிறைய கேக்கறீங்க. ஆனா பதிலையும் நீங்களே சொல்லிடறீங்க. பால் வேணுமா, வேணும் வேணும். பந்து எங்க, இதோ இருக்கு. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க."

ஐந்தா? எனக்கு இரண்டே தாங்காது.

ஆளே வெளியே வராதபோது அவள் சத்தத்தை எப்படிக் காட்டுவது? பதிவுகள் இருந்தால் அனுப்பச் சொன்னார்கள், எப்படி இருந்தாலும் பரவாயில்லையாம். நாளைக்குப் பொறுக்கி எடுக்கணும்.

ஜன்னலுக்கு வெளியே கால் சத்தம் நிற்கவே இல்லை. தன்ஷி அந்தச் சத்தத்திலேயே தூங்கிவிட்டாள். காது கேட்டால் தூக்கம் வராதோ என்று ஒரு நினைப்பு. எனக்கு எல்லாமே இப்போது ஒரே கேள்விதான்.

7 அக்., செவ்வாய்

மழை விட்ட காலை. தெரு முழுக்க பாட்டில், காகிதத் தட்டு. துப்புரவு வண்டி. இன்றைக்கு ராத்திரி வரை வைத்திருக்க முடியாது, பகலிலேயே எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். அனுப்ப வேண்டியதைப் பொறுக்கி, டெஸ்ட் எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று. அழிப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டேன், சரியான மைக்கின் குரலைக் கேட்கிற ஆசை. இயர்போனில். டெஸ்ட் 28.

"ஹலோ, ஹலோ. கேக்குதா?"

என் குரல். அப்புறம் ஒன்றுமில்லை. நான் திரையில் கோடு ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஃபேன். மிட்டாய் வண்டி மணி. அதற்கும் பிறகு, கீழே இருந்து, தரையோடு தரையாக:

"...க்குதா."

திரும்பப் போட்டேன். திரும்ப. அவர் பதினொரு மணிக்கு வந்தார், கண் சிவந்து, நிற்கவே முடியாமல். வாசலிலேயே இயர்போனை அவர் காதில் செருகினேன்.

"ஃபேன் சத்தமா?"

"நல்லா கேளுங்க."

"மறுபடி போடு." கேட்டார். செருப்பைக் கழற்றாமலே பாயில் உட்கார்ந்தார். "மறுபடி போடு, கவி."

டெஸ்ட் 27-இல் இருக்கு. 29-இல் இருக்கு, "அலோ"வும் சேர்த்து. அப்புறம் பயந்துகொண்டே பழசுக்குப் போனேன், கிணற்றுக்குள் இருப்பவை. சத்தத்தை ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு. டெஸ்ட் 14. கிணற்றின் அடியில் இருக்கு. டெஸ்ட் 9-இல் இருக்கு. அது வெள்ளிக்கிழமை. நான் அதட்டினதுக்கு அடுத்தது.

வெள்ளிக்கிழமையில் இருந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒவ்வொன்றிலும் எண்ணிப் பார்த்தேன். நான் கேட்டு, அவள் சொல்ல, நாலு, ஐந்து, ஒன்றில் ஏழு. அவளிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நான் ஏழு எண்ணுகிற நேரம் காத்திருந்ததே இல்லை. இந்தப் பெட்டிக்குக் காத்திருந்தேன்.

ஒன்றையும் அழிக்கவில்லை. ஐந்து பதிவுகளை மேடத்துக்கு அனுப்பினேன். வியாழக்கிழமை வேலூர் போகத்தான் போகிறோம், அது அது.

அவளிடம் நேரில் கேட்டுப் பார்த்தேன். முட்டி போட்டு, முகத்துக்கு நேராக. "தன்ஷி, கேக்குதா?" மனசுக்குள் ஐந்து. ஏழு. பத்து. என்னைப் பார்த்தாள். கையில் இருந்த இட்லியை என் வாயில் வைத்தாள். சரி.

இப்போது அவர் குளிக்கிறார். உள்ளே இருந்து கத்துகிறார், "கவி, துண்டு! துண்டு குடு!" எழுந்திருக்கப் போனேன். எனக்கு முன்னால் தன்ஷி போய்விட்டாள். பாத்ரூம் கதவுக்கு அடியில் இருக்கிற சந்தில் குனிந்து, கன்னத்தைத் தரையில் வைத்து, வாயைக் கொண்டுபோய்,

"அலோ. அலோ. க்குதா?"

உள்ளே தண்ணிச் சத்தம் நின்றது. துண்டு என் தோளில்தான் இருக்கு, கொடுக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று